உன் அப்பா தியானத்தில் இருக்கிறார்

சேசு மரி சூசை துணை

மந்தைவெளி
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் அஸ்வினிக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. சர்வேசுரன் புண்ணியத்தில் அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள். இங்கே எனக்கு மூட்டு வலியைத் தவிர எல்லாம் சுகம், அப்பாவுக்குச் சுகரும் பிரஷரும் அடங்கியிருக்கிறது, அந்த மட்டில் அவரும் சுகம் என்றே வைத்துக்கொள். தினமும் வீடியோவில் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ மாற்றிக்கொடுத்த வீட்டில் ரகசியம் பேச ஒரு மூலை கிடையாதடி. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த சுவர் போன பிறகு நான் அடுப்படியில் தும்மினால் அப்பா கட்டிலில் திரும்பிப் படுக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு ஜோதிலட்சுமியின் மருமகன் வெள்ளிக்கிழமை உங்கள் பெல்ஜியத்துக்குத் திரும்புகிறார், நெத்திலிக் கருவாட்டோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். கருவாட்டுப் பொட்டலத்தை வெளியே வைத்துப் பிரி, அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்கள் போலீசைக் கூப்பிட்டுவிடப் போகிறார்கள்.

ஜான்சன் கே.கே. நகரிலிருந்து வாரம் தவறாமல் வந்து போகிறான். உன் தம்பிக்கு வயிறு கொஞ்சம் முன்னால் வந்திருக்கிறது, சொன்னால் கோபம் வருகிறது. மெட்ரோவுக்காகத் தோண்டியதில் கோயிலுக்குச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. வீட்டைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாயே இல்லை. வருகிறவர்கள் எல்லாம் செருப்பைக் கழற்றிய கையோடு குரலையும் தணித்துக்கொள்கிறார்கள், அத்தனை சுத்தம். நீ சேர்த்துவிட்ட ஆழ்வார்பேட்டை டிசைனர் பெண் மஹ்விஷ் ரொம்பத் தங்கமான பிள்ளை, எனக்கு ஆணி அடிக்கக்கூட ஓடி வருகிறாள். டாக்டர் அப்பாவுக்கு மறதி நோய் ஆரம்பம் என்று சொன்னதும் நீதான் நாலு இடத்தில் படித்து, கண்ணில் படுகிற சாமான் குறைந்தால் குழப்பமும் குறையும் என்றாய், அங்கே ஏதோ சந்நியாசி மடத்தில் தங்கியபோது உன் மனசு எப்படி அடங்கியது என்று சொன்னாய். கேட்க நியாயமாகத்தான் இருந்தது, நானும் தலையாட்டினேன். வேலை முடியும்வரை ஜான்சன் வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பி வந்தால் எல்லாம் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு, ஒரு பெஞ்சு, ஒரு சிலுவை, சுவரோடு சுவராக அலமாரிகள். கைப்பிடி கிடையாது, அமுக்கினால் திறக்கும். பாத்ரூம் கதவும் அப்படியே. முன்பெல்லாம் அதன் வாசலில் கிடக்கும் நீல வாளியைப் பார்த்துத்தான் அவர் பாத்ரூம் போவார் என்பது வாளி போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. இப்போது சுவரைத் தடவிக்கொண்டே நடக்கிறார். ஒரு நாள் அலமாரியைத் திறந்துவிட்டார், நான் ஓடி வருவதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. பெற்ற மகளுக்கு இதை எழுதக் கை கூசுகிறது. அன்றைக்கு அவர் அழுதார், நானும் அழுதேன். கதவில் சிவப்புத் துணி கட்டலாம் என்றால் கட்டக் கைப்பிடி இல்லை, டேப் போட்டு ஒட்டினால் சுண்ணாம்போடு உரிந்து விழுகிறது. அந்தச் சுவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

போன மாதம் வீடியோவில், அப்பா எவ்வளவு அமைதியாகிவிட்டார் பாரும்மா என்று கண் கலங்கினாய். உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, குழந்தையைக் காட்டு என்று பேச்சை மாற்றிவிட்டேன். ஈக்காட்டுத்தாங்கல் லேத் பட்டறையில் மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே பழகின மனுஷன், உப்புக் கேட்டாலே எதிர் வீட்டில் எடுத்துவைப்பார்கள். அவர் இப்போது எழுந்ததும் போர்வையை மடிக்கிறார், பெஞ்சில் முழங்கால் மேல் கையை வைத்து உட்கார்ந்துகொள்கிறார், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்க்கிறார், ஒரு வார்த்தை பேசுவதில்லை. முதலில் நானும் பரவாயில்லையே, இந்த வயதில் திருந்திவிட்டாரே என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு மத்தியானம் பக்கத்தில் வந்து, சிஸ்டர், கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கலாமா என்று கேட்டார். நான் பூப்போட்ட நைட்டியில் கரண்டியோடு நிற்கிறேன், என்னைப் பார்த்து சிஸ்டர் என்கிறார். ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்தில் வருஷம் தவறாமல் சிஸ்டர்கள் நடத்தும் மடத்துக்குப் போய் மௌன தியானம் இருந்துவிட்டு வருவாரே, அங்கேதான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நீ பார்த்த அமைதி அதுதான் அஸ்வினி. தியானத்தில் பேசக் கூடாது, அதனால் பேசாமல் இருக்கிறார்.

ஜான்சனிடம் சொன்னேன். இன்னாமா, அமைதியா தானே கீறாரு, வுடேன் என்றான். ஆனாலும் மனசு கேட்காமல் அவன் வீட்டில் போட்டிருந்த அப்பாவின் பழைய சாய்வு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதில் உட்காரச் சொன்னால், இது ஃபாதர் குந்துற சேர், நான் குந்தக் கூடாது என்று பெஞ்சுக்கே போய்விட்டார். திரு இருதய ஆண்டவர் படத்தைத் திரும்ப மாட்டினோம். சிலுவை போட்டுக்கொண்டு, எங்க வூட்லகூட இதே படம் கீது சிஸ்டர் என்றார். ஜான்சன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். டாக்டரைக் கேட்டால், பழையபடி மாற்றினால் தெளியலாம், இன்னும் குழம்பவும் செய்யலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார். வைத்திருந்தாலும் குற்றம், மாற்றினாலும் குற்றம். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

வியாழக்கிழமை சாப்பிட்டதும் ரொம்பத் தயங்கி வந்து நின்றார். தியானம் எப்போ சிஸ்டர் முடியுது, என் வூட்டுக்காரி தனியா கீறா, மூட்டு வலிக்காரி, வலிச்சாலும் வாய தொறந்து சொல்ல மாட்டா என்றார். இத்தனை வருஷத்தில் என் மூட்டைப் பற்றி அந்த மனுஷன் பேசிக் கேட்டது இதுதான் முதல் தடவை, அதுவும் வேறு யாரோ ஒருத்தியிடம் சொல்லுகிறார். உங்கள் வீட்டுக்காரி நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன். கடைசி நாள் என்னைக் கூட்டினு போவ என் பொண்ணு வரும், அது ஃபாரின்ல கீது, கொஞ்சம் லேட்டானாலும் கேட்டை மூடிடாதீங்க என்று கேட்டுக்கொண்டு போனார். அதிலிருந்து தன் துணிகளை அடைத்த பையை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு உன்னை நீயே திட்டிக்கொள்ளாதே, மஹ்விஷையும் ஒன்றும் கேட்காதே, நல்லது என்று நினைத்துத்தான் எல்லோரும் செய்தோம். வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, பிள்ளைக்கு இருமல் என்றாயே, கற்பூரவல்லி கிடைத்தால் கொடு. மாதாவின் ஆசீர் உங்கள் மூவர் மேலும் எப்போதும் இருக்கட்டும்.

மறக்காமல் இதை மட்டும் செய். கிறிஸ்துமஸுக்கு வரும்போது பெட்டியோடு உள்ளே வந்துவிடாதே. வாசலிலேயே நின்று, அப்பா, தியானம் முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று சொல். உடனே எழுந்து வந்துவிடுவார். நானும் கதவைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே வருகிறேன். மாடிப்படி இறங்கிய பிறகு அவரை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று நீதான் யோசித்து வைக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை.

உன் அம்மா
ஜெசிந்தா தேசப்பன்