எண்ணெய் பாட்டிலின் மூடி

என் அன்பு மனைவிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? சின்னவள் அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாளா?

போன வாரம் ஒர்க்‌ஷாப்பில் ஒரு கூத்து நடந்தது. எங்கள் ஃபோர்மேனின் வேன் மேட்டில் இழுக்கவில்லை. இன்ஜினில் சேரும் எண்ணெய்ப் புகை, ஒரு குழாய் வழியாகத் திரும்ப இன்ஜினுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. "நல்ல காத்து கிடைச்சாத்தானே சார் இழுக்கும்?" என்று பெரிய மேதாவி போலச் சொல்லி, அந்தக் குழாயை வெளியே திருப்பிவிட்டேன். இன்ஜினில் அந்தக் குழாய் நுழைந்திருந்த பழைய துளையை அடைக்க எதுவும் பொருந்தவில்லை. ரூமுக்கு ஓடி, நீ காய்ச்சிக் கொடுத்த தலை எண்ணெய் பாட்டிலின் மூடியை எடுத்துவந்தேன். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது!

வேன் மேட்டில் பறந்ததாம். ஆனால் குழாயின் வாயை, டிரைவர் சீட்டுக்குக் காற்று வரும் வழியருகே விட்டுத் தொலைத்திருக்கிறேன். ஃபோர்மேன் கண்ணைக் கசக்கிக்கொண்டே இறங்கினார். "வண்டிக்கு மூச்சு வந்துடுச்சுப்பா, எனக்குத்தான் அடைச்சுடுச்சு!" என்றார். அதோடு சரி, வேலைக்கு ஒன்றும் பங்கமில்லை. குழாயைப் பின்பக்கம் இழுத்துக் கட்டிவிட்டேன்.

மூடியைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அங்கிருந்து யாராவது வந்தால் அதே அளவில் ஒரு மூடி கொடுத்தனுப்பு. இப்போதைக்குப் பாட்டிலின் வாயைக் காகிதத்தைச் சுருட்டி அடைத்திருக்கிறேன். எண்ணெய் அனுப்பாதே, அது அப்படியே இருக்கிறது. நான் தலையில் தேய்ப்பதே இல்லை. வேலைக்குக் கிளம்பும்போது ஒருதரம் முகர்ந்து பார்ப்பேன், அவ்வளவுதான். அந்த வாசனைதான் நாளுக்கு நாள் குறைகிறது.

மணி அடித்துவிட்டார்கள், ஓடுகிறேன். மூடியை மறந்துவிடாதே.

உன் மெக்கானிக்