தகடு இல்லாத ஓட்டம்

இன்று மலையில் என் பாப்பாவுக்கு மொட்டை போட்டோம். சந்தனம் பூசிய அந்தக் குட்டித் தலையை முகர்ந்ததும் நீ நினைவில் வந்து நின்றாய். இந்த மடல் ஒரு வருடம் தாமதம். நல்ல சேதியோடு எழுத வேண்டுமென்று காத்திருந்தேன்.

ஆடிக் கிருத்திகைக்கு இதே படிகளில் காவடிக் கூட்டத்தில் நாம் சிக்கிக்கொண்டோமே, அன்றுதான் நம் ஆய்வு எனக்கு விளங்கியது. ஒரு நொடிகூடத் தங்காத அணுக்கருவை வேகமாகச் செலுத்தி, மெல்லிய பெரிலியத் தகட்டில் மோதவிட்டு, ஒரு நியூட்ரானைப் பிடுங்க வேண்டும். மிச்சக் கருவின் வேகம் எவ்வளவு சிதறுகிறதோ, அதை வைத்துப் பிடுங்கப்பட்டது எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டும். நீ கூட்டத்தைக் காட்டினாய்.

"ஓரமா தள்ளி நிக்கிறாரே, அவரை இழுத்தா யாருக்கும் தெரியாது. நடுவுல நசுங்கிக்கினு இருக்கிறவரை இழுத்துப் பாருடி, மொத்தப் படியும் ஆடும்."

"நம்ம நியூட்ரான்?"

"ஓரத்து ஆளு. எங்க நைனா மாதிரி. கூட்டத்துக்கு வருவாரு, ஒட்ட மாட்டாரு."

ஆனால் நான் கணக்கிட்ட சிதறல் அகலமாக வந்தது. நடுவில் இருக்கும் நியூட்ரான் என்றது அது. மருத்துவமனைக் கட்டிலிலும் நீ ஒத்துக்கொள்ளவில்லை. நீ கண்ணை மூடிய பிறகு, உன் முடிவைக் கைவிடச் சொன்னார் நம் ஆய்வு வழிகாட்டி. நானும் சரி என்றேன்.

பாப்பாவுக்கு மூன்று மாதமானபோது உன் பழைய கோப்பு ஒன்றைத் திறந்தேன். தகடே வைக்காமல், வெறும் அணுக்கருக் கற்றையை மட்டும் ஓட்டி நீ எடுத்த அளவீடு. "மெஷின்ல கிடைச்ச நேரத்தை வீணாக்குறியே" என்று அன்று சண்டை போட்டவள் நான்தான். "முதல்ல நம்ம அழுக்கை அளக்கணும்டி" என்றாய். மோதுவதற்கு முன்பே கற்றைக்குள் இருந்த சிதறல் அது. நான் அதைக் கழிக்கவே இல்லை.

பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டே கழித்தேன். வரைபடத்தில் பரந்து கிடந்த குன்று ஒல்லியாகி, செங்குத்தாக எழுந்தது. ஓரத்து ஆளேதான்.

போன வாரம் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். முதல் பெயர் உன்னுடையது. உன் ஊர் பள்ளிப்பட்டுக்குப் போய் உன் நைனாவிடம் காட்டினேன். உன் பெயரை விரலால் தடவினார்.

"இன்னாம்மா கண்டுபிடிச்சா?"

சொன்னேன்.

"ஓரத்துல நிக்கிறவனைக் கூட வுடலியா அவ" என்றார். சிரித்துவிட்டார்.

இன்று படியிறங்கும்போது பாப்பாவின் நெற்றி சுட்டது. வழக்கம்போல் பதறினேன். பிறகு உன்னை நினைத்து, அதே கையை என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். அதுவும் சுட்டது. சந்தனம் கழுவிய என் கைதான் சில்லிட்டுப் போயிருந்தது.