ஒரு சட்டைக்கு முப்பத்தொரு பேர்

மார்ச் 4
பெரிய பாலத்தைத் திறந்து மூன்றாம் மாதமே ஒரு பக்கத்தை அடைத்துப் போட்டார்களே, அந்த வருஷம் இது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல, வேலை முடிந்து வந்ததும் மருமகள் எழுதுகிறாள். ஐம்பத்திரண்டு வருஷம் நின்றுகொண்டே இஸ்திரி போட்ட கால், நேற்று கடையிலேயே மடங்கிவிட்டது. ஒரு மாதம் உட்கார்ந்தே இருக்கணும் என்கிறார் டாக்டர். கடையை மகன் பார்க்கிறான். நான் சுவரைப் பார்க்கிறேன்.

மார்ச் 6
தினமும் முதல் சட்டையைத் தேய்க்கும்போதே சாமியிடம் முப்பத்தொரு பேரைச் சொல்லிவிடுவேன். உயிரோடு இருப்பவர்கள் பத்தொன்பது: நல்லா வை. செத்தவர்கள் பன்னிரண்டு: நிம்மதியைக் கொடு. காலரில் ஆரம்பித்தால் கடைசிப் பொத்தானுக்குள் முடிந்துவிடும். இன்று சட்டை இல்லாமல் சொன்னேன். டீ ஆறுவதற்குள் முடிந்தது. அப்புறம்? நாள் முழுக்க என்ன செய்ய?

மருமகள் காதில் விழுந்திருக்கிறது. "மாமா, கண்டக்டர் ஸ்டாப்பிங் பேர் சொல்ற மாதிரி சொல்றீங்க. சாமி இறங்குறதுக்குள்ள விசில் அடிச்சிடுறீங்க."

சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 7
முகம் வரும்வரை அடுத்த பெயருக்குப் போவதில்லை என்று வைத்துக்கொண்டேன். மகள் முகம் வர நேரமாச்சு. பெத்த மகள்.

மார்ச் 11
கால் குடைச்சல். சும்மா உட்காருவதும் ஒரு வேலைதான் போல. இன்று மூன்று பேர்.

மார்ச் 19
செத்தவர்கள் பக்கம் வந்தாச்சு. அப்பாவுக்கு மூச்சு நின்ற நேரம், அம்மா சேலையின் கரை, பெரியண்ணன் பாடையைத் தூக்கியபோது எவன் கால் இடறியது — எல்லாம் கண்ணுக்குள் நிற்கிறது. என் மனைவிக்குக் கடைசியாகக் கட்டிய புடவை நீலம். நானே தேய்த்தேன். வாழ்க்கையில் அந்த ஒரு துணிக்குத்தான் அவசரப்படவில்லை.

மார்ச் 20
பன்னிரண்டாவது, பன்னீர். என்னோடு கடை தொடங்கியவன். துணிமேல் தண்ணீரைப் பன்னீர் மாதிரித் தெளிப்பான், அதனால் அந்தப் பட்டப்பெயர். முகம் உடனே வந்தது. சாவு வரவில்லை. எந்த நாள்? யார் வந்து சொன்னார்கள்? ஒன்றுமே இல்லை. எனக்கா மறக்கும்?

மார்ச் 21
மறக்கல. அவன் சாகவே இல்ல. நான்தான் சாகடிச்சேன். அன்னிக்கு ஓட்டல்காரர் இருநூறு விரிப்புக்கு வாசலில் நிற்கிறார், இவன் ஒரு விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருக்கிறான். "துணி எங்கயும் ஓடிடாதுப்பா"ன்னான். போடா ஆமை, இன்னியோட நீ எனக்குச் செத்தவன்னு கத்தினேன். போயிட்டான். மறுநாள் காலர் தேய்க்கும்போது அவன் பெயர் தானாகச் செத்தவர்கள் பக்கம் விழுந்தது. இருபத்தாறு வருஷம். எடுத்துப் பார்க்க எனக்கு எங்கே நேரம்?

இப்போ இருக்கானா? நிஜமாவே போயிருந்தா நான் என்ன பண்ணுவேன்?

மார்ச் 22
மகனை விசாரிக்கச் சொன்னேன்.

மார்ச் 25
கடைக்கு சோப்புத்தூள் கொண்டுவருகிறவர் சொன்னாராம்: "அவரா? ஸ்டேஷனுக்குப் பின்னாடி மகள் வீட்டுல இருக்கார். கண்ணுதான் மங்கல். மத்தபடி குத்துக்கல்லு மாதிரி."

ஏப்ரல் 2
மருமகள் லீவு போட்டுக் கூட்டிப்போனாள். செருமினேன், அவ்வளவுதான்.

"யாரு, அவசரமா?" அது அவன் எனக்கு வைத்த பெயர். "உட்காரு. உட்காரத் தெரியுமில்ல?"

எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைச் செத்தவனாக்கி, இத்தனை வருஷம் உன் நிம்மதிக்கு வேண்டிக்கிட்டேன் என்றேன். வெளியே போ என்பான் என்றே நினைத்தேன்.

"நிம்மதிதானே கேட்ட? எங்கிருந்துடா வருதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். நிறுத்திடாத."

கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மன்னிப்பு கேட்டேனா? கேட்டீங்க மாமா என்கிறாள் இவள். எனக்கு ஞாபகமில்லை. எனக்கே.

ஏப்ரல் 6
ஸ்டூல் போட்டு அரை நாள் வேலை பார்க்கலாம் என்றார் டாக்டர். முதல் சட்டையை விரித்தேன். இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்தேன்.

"அப்பா, ஆள் நிக்கிறாங்க" என்றான் மகன்.

"துணி எங்கயும் ஓடிடாதுடா."

செத்தவர்கள் பதினொரு பேரை முதலில் சொன்னேன். பிறகு உயிரோடு இருப்பவர்களை, ஒவ்வொருத்தராக, முகம் வரும்வரை. மகள். மகன். மருமகள் — எழுதும்போது சிரிக்கிறாள். இருபதாவது ஆள், கடைசியாக, பன்னீர்.