வேதபாட வகுப்பில் கேட்ட கேள்வி

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். நானும் குட்டியும் மாமாவும் சுகம். அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? வாராவாரம் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போன் அடித்தாலே, தம்பியா என்று கேட்டுக்கொண்டு மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். மகன் குரலைக் கேட்க அவருக்கு ஆசை, தப்பில்லை. ஆனால் எல்லாம் நல்லா இருக்கு என்பதைத் தவிர நான் உங்களிடம் எதையும் சொல்ல முடிவதில்லை.

பள்ளியில் வேதபாடம் நடத்தும் முறையை மாற்றியது உங்களுக்குத் தெரியும். சபைப் பள்ளிகளின் செய்தி இதழில் அதைப் படித்துவிட்டு வந்தவரே மாமாதான். வசனத்தை ஒப்பிக்க வைத்தால் போதாதாம், பிள்ளைகள் கேள்வி கேட்க வேண்டுமாம், நாம் பதிலை ஊட்டிவிடக் கூடாதாம். தாளாளராக அவரே என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார். பெஞ்சுகளை வட்டமாகப் போட்டோம். முதல் வாரம் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டதுதான் மிச்சம். பிறகு வாயைத் திறந்தார்கள் பாருங்கள், மூடவே முடியவில்லை! யோனா மீன் வயிற்றுக்குள் எப்படிப் பல் தேய்த்தார் என்று ஒரு வாண்டு கேட்டது. அந்த வகுப்புக்குப் போவதென்றால் எனக்குக் கால் தரையில் பாவாது.

ஆறாம் வகுப்பில் தையல்காரரின் மகள் இருக்கிறாள். மழைக்காலத்தில் அவள் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அவர் படுத்திருந்தபோது சபையே முழங்காலில் நின்று ஜெபித்தது. “நாங்க எல்லாரும்தானே கேட்டோம் டீச்சர், அப்போ கடவுள் யார் பேச்சைக் கேட்டுக்கிட்டிருந்தாரு?” என்றாள். கோபமே இல்லை, கணக்கில் சந்தேகம் கேட்பது போலக் கேட்டாள். எனக்கும் தெரியலம்மா என்றேன். வேறு என்ன சொல்ல?

மறுநாளே சில பெற்றோர் மாமாவின் அறைக்கு வந்துவிட்டார்கள். வேதம் சொல்லித்தருகிறவளே தெரியாது என்றால் பிள்ளைகளை வேறு பள்ளியில் சேர்க்கிறோம் என்றார்களாம். பள்ளியில் மாமா என்னிடம் ஒன்றும் பேசவில்லை. வீட்டில் நான் பரிமாறும்போது சொன்னார். அந்தக் கேள்வி தப்பு என்று திங்கட்கிழமை வகுப்பில் நானே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அந்தப் பெண்ணைப் பள்ளியில் வைத்துக்கொள்ள முடியாது என்று.

நீங்கள்தானே மாமா கேட்கச் சொன்னீர்கள் என்றேன். அவர் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “உன் அத்தை போனப்ப நானும் கேட்டிருக்கலாம்மா. கேட்டிருந்தா மறுநாள் பள்ளிக்கூடத்தைத் திறந்திருக்க மாட்டேன்” என்றார். அவர் கெட்டவராக இருந்தால் எவ்வளவோ சுலபமாக இருக்கும்.

திங்கட்கிழமை அவர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அந்தப் பெண் எழுந்து, “நான் கேட்டது தப்பு டீச்சர், மன்னிச்சிடுங்க” என்றாள். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டுவிட்டாள். தப்பில்லை, உட்கார் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். சொல்லவில்லை. மாமா தலையசைத்துவிட்டுப் போனார்.

பெஞ்சுகள் இன்னும் வட்டமாகத்தான் கிடக்கின்றன. கேள்வி உண்டா என்றால் எல்லாரும் தரையைப் பார்க்கிறார்கள். சபையிலிருந்து பார்வையிட வந்தவர்கள், எவ்வளவு ஒழுக்கமான வகுப்பு என்று மாமாவைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். வேலையை விட்டுவிடலாம்தான். விட்டால் பகலும் இந்த வீடுதான்.

நேற்று மத்தியானம் ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். குட்டி, “தாத்தா, அந்த அக்காவோட அப்பாவை ஏன்...” என்று ஆரம்பித்தாள். என் கை போய் அவள் வாயைப் பொத்திவிட்டது. மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பொத்தியது நான்தான். என் உள்ளங்கைக்குள் அவள் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது.

மாமாவிடம் இதைப் பற்றிக் கோபமாகப் பேசிவிடாதீர்கள். அவருக்கும் வயதாகிறது. மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறார், நான் பார்த்துக்கொள்கிறேன்.

வருகிற வருஷம் குட்டி நான்காம் வகுப்பு. நான்காம் வகுப்பிலிருந்து வேதபாடம் நான்தான் எடுக்கிறேன். அவள் என் முன்னால் வந்து உட்காருவதற்குள் எங்களை அங்கே அழைத்துக்கொள்ளுங்கள். ஒரே அறை என்றாலும் போதும். கர்த்தர் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா