ரெண்டேகால் பஸ்

இன்று தீக்காய வார்டில் துணி அலமாரியை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, பழைய போர்வைகளுக்குப் பின்னால் உன் பச்சை சோப்புப் பெட்டி அகப்பட்டது. உள்ளே காய்ந்து வெடித்த சந்தன சோப்புத் துண்டு. வாசனை மட்டும் அப்படியே இருக்கிறது. பாவி, போனவள் இதையும் எடுத்துக்கொண்டு போயிருக்கக் கூடாதா?

ஒரே நாளில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாம். பட்டாசு சீசன் வந்துவிட்டால் இந்த வார்டில் கருகிய துணி நாற்றம் போகாது. முதல் வருஷமே வேலையை விட்டுவிடுகிறேன் என்று அழுதேன். அப்போதுதான் நீ அந்தச் சட்டத்தைப் போட்டாய். டூட்டி முடிந்ததும் முழங்கை வரை இரண்டு தடவை கழுவ வேண்டும்.

"மொதக் கழுவல் கைக்கு. ரெண்டாவது கழுவையில, அன்னைக்குப் பட்டதை வாய்விட்டுச் சொல்லிரணும். சொல்லாம எவளும் கையத் தொடைக்கக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோயி புள்ளைக மேல எரிஞ்சு விழவா?"

குழாய்ச் சத்தத்தில் எத்தனை நாள் விம்மியிருக்கிறேன்! "ஏண்டி, சோப்பு மேல மூக்கச் சிந்திராத, நானும் கழுவணும்" என்று சிரிக்க வைத்துத்தான் அனுப்புவாய்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம், ஆனைக்குட்டத்தில் உன் பக்கத்து வீட்டில் இருந்தவளை, பட்டாசு ஆலை வெடி விபத்திலிருந்து தூக்கி வந்தார்கள். கண் திறக்க முடியாதவள் உன் குரலை வைத்தே கண்டுகொண்டாள். "நீ இருக்கியா, அப்பச் சரி" என்றாள். மத்தியானத்துக்குள் போய்விட்டாள்.

அன்று நீ ஒரே தடவைதான் கழுவினாய். கையைத் துடைத்தாய். "என்னடி?" என்றேன். "ஒண்ணுமில்ல. ஒனக்கு ரெண்டேகால் பஸ்ஸு போயிரும், ஓடு" என்றாய். ஓடினேன். ஆமத்தூர் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம்கூடக் கிடைத்தது.

நாலாம் நாள் உனக்கு மாரடைப்பு. ரொம்ப நாளாகவே ரத்தக் கொதிப்பு, மாத்திரையே போடவில்லை என்றார் டாக்டர். நான் நின்று கேட்டிருந்தால் பிழைத்திருப்பாய் என்று சொல்லவரவில்லை. அந்த அளவுக்கு எனக்கும் படிப்பு இருக்கிறது. ஆனால் என்ன சொல்லியிருப்பாய் என்று கேட்க மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. எங்களையெல்லாம் பேச வைத்தவளே, உன்னைக் கேட்க ஆளில்லாமல் விட்டுவிட்டுப் போனேனே.

மல்லாங்கிணற்றிலிருந்து மாற்றலாகி வந்திருக்கும் சிஸ்டர், இன்று ஒரு பெண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டுக் கை கழுவ வந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. என்னவென்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லக்கா. ஒங்களுக்கு பஸ்ஸு போயிரும், கெளம்புங்க."

உன் சோப்பை நனைத்தேன். இத்தனை நாள் கழித்தும் நுரை வந்தது. அவள் கையில் வைத்தேன்.

"பஸ்ஸு கெடக்கு. இன்னொருக்கா கழுவு. என்ன ஆச்சு, சொல்லு."

அவள் சொல்லத் தொடங்கினாள். வாசலில் ரெண்டேகால் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. அவள் சொல்லி முடித்ததும் நானும் குழாயில் கையை நீட்டினேன். இரண்டாவது தடவை கழுவும்போது, முதல் முறையாக, உன்னைப் பற்றிச் சொன்னேன்.