தாராபுரத்திலிருந்து பேசாலை வரை

பேசாலை, மன்னார்.
14.01.2024

அன்புள்ள யதுவின்ர அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாய் இருக்கவேணும் எண்டு பூசையில நினைச்சுக்கொள்ளுறன். போனில குரலைக் கேட்டால் தாங்கேலாது, எழுதும் எண்டு நீங்கள் சொன்னதால எழுதுறன். போன பெருநாளுக்குப் பிறகு நீங்கள் ஒரு வரியும் எழுதேல்லை. அதைப் பற்றிக் குறை சொல்ல இதைத் தொடங்கேல்லை.

எங்கட பிரதேச சபைக் கந்தோருக்கு ஒரு வேலை வந்திருக்கு. தாராபுரத்திலிருந்து பேசாலை வரைக்கும் பெரிய ரோட்டை விட்டு, பனங்காணிக்குள்ளாலயும் கரையோரமாயும் ஒரு பொதுப்பாதை. நடக்கிற ஆக்களுக்கு, சைக்கிள் ஓடுற ஆக்களுக்கு, குதிரையில வாற ஆக்களுக்கு. குதிரை எண்டதும் சிரிக்காதேங்கோ. கரையில விடுதி நடத்துற சியாம் நாலைஞ்சு குதிரை வாங்கி வைச்சிருக்கிறார். வெளிநாட்டுச் சனம் குருவி பார்க்க வருகுது, ஏறி ஓடுகுது.

இதை ஆர் பொறுப்பெடுக்கிறது எண்டு கேட்டபோது நான் கையைத் தூக்கினனான். யது செத்து மூண்டு வருசம் ஆகுது. அவளை டிப்பர் லொறி அடிச்ச அதே ரோட்டிலதான் இன்னமும் பள்ளிக்கூடப் பிள்ளையள் சைக்கிளில போகுதுகள். ரியூசனுக்கு வேற வழி இல்லை.

நீங்கள் அங்க நோர்வேயில நகரசபைக்குப் பாதை போடுற வேலைதானே செய்யிறியள். எனக்குத் தெரியாததைச் சொல்லித்தாங்கோ.

உங்கள்,
பிரேமினி

*

ஓலெசுண்ட், நோர்வே.
11.02.2024

அன்பின் பிரேமினி,

உம்முடைய கடிதம் கிடைச்சது.

நடக்கிறவையையும் சைக்கிளையும் ஒரு பாதையில விடலாம். குதிரையை விடக்கூடாது. குதிரைக்கு மெத்தென்ற மண் வேணும், சைக்கிளுக்கு இறுகின தரை வேணும். ரெண்டையும் ஒண்டாய்ப் போட்டால் முதல் மாரியிலேயே குளம்படி விழுந்து சேறாகிவிடும். குதிரையைக் கடற்கரை ஈர மணலுக்கு இறக்கும். ரெண்டும் சந்திக்கிற இடத்தில தூரத்திலேயே ஆளை ஆள் தெரியிற மாதிரிப் பற்றையை வெட்டும். பின்னால வாற பிள்ளையள் மணி அடிக்கக்கூடாது, குரல் குடுக்கவேணும் எண்டு பலகை வையும். மனுசக் குரலுக்குக் குதிரை வெருளாது.

தண்ணி எங்க நிக்குது எண்டு மாரி முடிய முதல் போய்ப் பாரும். பாதையைக் குலைக்கிறது ஆளில்லை, தண்ணிதான்.

வேற என்ன எழுதுறது எண்டு தெரியேல்லை. இங்க பனி கொட்டுது. நான் வேலைக்குப் போறன், வாறன், சமைக்கிறன். நீர் கேட்டதில சந்தோசம்.

கொன்ஸ்ரன்ரைன்

*

பேசாலை.
20.04.2024

அன்புள்ள யதுவின்ர அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடி தண்ணி நிண்ட இடமெல்லாம் முளை அடிச்சு வைச்சனான். கந்தோரில "மிஸ்ஸுக்கு இதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது" எண்டு கேட்டவை. என்ர அவர் எண்டு சொன்னன். அப்பிடிச் சொல்லிக் கனகாலம்.

சியாமோட ஒரு சண்டை வந்தது. பாதை முழுக்கக் கரையாலதான் போகவேணும், கடல் பார்க்கத்தானே சனம் வருகுது எண்டு நிண்டார். கரைவலைக்காரர் விடேல்லை. "வலை காயப்போடுற இடத்தில குதிரை மிதிச்சால் நாங்கள் எங்க போறது, பிள்ளை?" எண்டு அவையள் கேட்டது நியாயம். கடைசியில நீங்கள் எழுதினதுதான் நடந்தது. குதிரை ஈர மணலில, மற்றவை பனங்காணிக்குள்ள. ஒரு நாள் ஓட்டிப் பார்க்கச் சியாம் குதிரையைக் கொண்டுவந்தார். எங்கட ஊர்க் கழுதையள் ஒரு கூட்டம் பற்றைக்குள்ள இருந்து வெளிக்கிட, குதிரை வெருண்டு அவரைத் தண்ணிக்குள்ள தள்ளிப்போட்டுது. நான் சிரிச்சன். சிரிச்ச பிறகுதான் என்ர சத்தம் எனக்கே கேட்டது.

இனிச் சொல்லப்போறதை எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியேல்லை. கரிசல் ஊருக்கு இஞ்சால வளைவில ஒரு பக்கம் ரயில்பாதை, மற்றப் பக்கம் தண்ணி நிக்கிற உப்புத்தரவை வெளி. அந்தத் துண்டில மட்டும் பாதையைப் பெரிய ரோட்டோட ஒட்டித்தான் கொண்டுபோகலாம். யது விழுந்த இடம் அதுதான். அளக்கிற நாடாவின்ர ஒரு நுனியைப் பிடிச்சுக்கொண்டு நான் அங்க நிண்டனான்.

உங்கள்,
பிரேமினி

*

ஓலெசுண்ட்.
19.05.2024

அன்பின் பிரேமினி,

அந்த இடத்தால வேண்டாம். தரவைக்குள்ளால மரப்பாலம் போடச் சொல்லும். முடியாவிட்டால் பாதையை அங்கேயே நிப்பாட்டும். சனம் அந்த இடத்தில நிண்டு படம் எடுக்கும், தண்ணி குடிக்கும், கதைச்சுச் சிரிக்கும். அதை எப்பிடி நீர் தாங்குவீர்?

மேலே உள்ளதை எழுதிப்போட்டு மேசையிலேயே விட்டிருந்தனான். இப்ப திரும்ப வாசிக்கிறன். நீர் தினமும் அந்த இடத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போறீர். நான் ஒருக்காலும் பார்த்ததில்லை. உமக்குச் சொல்ல எனக்கு என்ன உரிமை.

அப்ப இப்பிடிச் செய்யும். அந்தத் துண்டில பாதையை ரோட்டை விட உயர்த்தும். ரோட்டுக்கும் பாதைக்கும் நடுவில கல் அணை, பிள்ளையளின்ர நெஞ்சளவுக்கு. வளைவுக்கு ரெண்டு பக்கமும் முள்ளு உடைமரங்களை வெட்டும், டிப்பர்க்காரனுக்குத் தூரத்திலேயே பிள்ளையள் தெரியவேணும். அணை நிண்டால் ஒரு வாகனமும் பாதைக்குள்ள வராது. இதைக் கண்டிப்பாய் எழுத்தில கேளும், பிறகு செய்யிறம் எண்டு சொல்ல விடாதேயும்.

அவள் போனபோது எனக்கு இங்க விசா இல்லை. வெளிக்கிட்டால் திரும்ப வரேலாது. அடக்கத்தைப் போனிலதான் பார்த்தனான், அதுவும் பாதியில கட் பண்ணினனான். இப்ப விசாவும் பாஸ்போட்டும் கிடைச்சு ஒரு வருசம். இனிச் சொல்ல ஒரு சாட்டும் இல்லை. பாதை திறக்கிறதுக்கு வாறன். செப்ரெம்பருக்கு லீவு கேட்டிட்டன்.

உம்முடைய,
கொன்ஸ்ரன்ரைன்

*

பேசாலை.
25.08.2024

என்ர அன்புள்ள அவருக்கு,

கல் அணை கட்டி முடிஞ்சுது. மேசன்மாரோட நானும் நிண்டு பார்த்தனான். என்ர நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழ வருகுது.

வீட்டுக்கு வெள்ளை அடிச்சிருக்கிறன். உங்கட சாரங்களைத் தோய்ச்சுக் காயப்போட்டன். பக்கத்து வீட்டு யசிந்தா அக்கா மதிலால எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, ஆள் வருதோ" எண்டு கேட்டா. ஓம் எண்டன். அவ அழுதிட்டா.

கொழும்பிலயிருந்து மன்னார் பஸ் நேராய் வரும், மாறத் தேவையில்லை. நான் பஸ் ஸ்ராண்டில நிப்பன். முதல்ல சேமக்காலைக்கு, யதுவின்ர கல்லறைக்குப் போவம், பிறகு வீடு. இல்லை, நீங்கள் களைச்சு வருவியள். முதல்ல வீடு. மீன் உங்களுக்குப் பிடிச்ச மாதிரிப் புளி விட்டு வைப்பன். நீங்கள் அழுதால் நானும் அழுவன், அவ்வளவுதான். தனிய அழுது அலுத்துப்போச்சு.

கவனமாய் வாங்கோ.

உங்கள்,
பிரேமினி

*

ஓலெசுண்ட்.
22.09.2024

பிரேமினி,

போனில ஒரு வரிதான் அனுப்பினனான், திரும்பிப் போறன் எண்டு. அது போதாது எண்டு தெரியும்.

மன்னார் பஸ்ஸில மதவாச்சி வரைக்கும் வந்தனான். பஸ் தேத்தண்ணிக்கு நிண்டது. நான் இறங்கிக் கடைப் படியில நிண்டு குடிச்சன். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, ரெட்டைப் பின்னல், சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைக்கு வந்து இனிப்பு ரொபி வாங்கிச்சுது. சிங்களப் பிள்ளை. யதுவின்ர சாயல் ஒண்டும் இல்லை. அது சைக்கிளில ஏறிப் போறதைப் பார்த்துக்கொண்டே நிண்டனான். கொண்டக்டர் கூப்பிட்டது கேட்டது. நான் ஏறேல்லை. பஸ் போயிட்டுது.

எப்பிடி விளங்கப்படுத்துறது? நான் ஊரை விட்டு வெளிக்கிடேக்க அவளுக்கு ஒன்பது வயசு. வாசலில நிண்டு கை காட்டினவள். எனக்கு அதுக்குப் பிறகு ஒண்டும் நடக்கேல்லை. இங்க காலமை எழும்பினால், இப்ப அவள் பள்ளிக்கூடத்தில இருப்பாள், இப்ப வீட்டுக்கு வந்திருப்பாள் எண்டுதான் என்ர மனம் ஓடும். அந்தக் கல்லறையைக் கண்டால் அது நிண்டிடும். பிறகு என்னத்தை வைச்சுக்கொண்டு நான் இருக்கிறது?

மூண்டு நாள் நீர்கொழும்பில ஒரு அறையில கிடந்தனான். பிறகு பிளேன் ஏறிட்டன்.

என்னை மன்னியும் எண்டு கேட்கேலாது.

கொன்ஸ்ரன்ரைன்

*

பேசாலை.
27.10.2024

அன்புள்ள யதுவின்ர அப்பாவுக்கு,

நீங்கள் வராவிட்டாலும் உங்கட பை வந்தது. எல்லாரும் இறங்கின பிறகு கொண்டக்டர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "இந்தப் பையின்ர ஆள் மதவாச்சியில பஸ்ஸை விட்டுப்போட்டார், ஆராவது தெரிஞ்ச ஆக்கள் நிக்கிறியளோ" எண்டு கேட்டார். பையில உங்கட பெயர் இருந்தது, நான் வாங்கினன். உங்கட செய்தி அதுக்குப் பிறகுதான் வந்தது. பஸ் ஸ்ராண்டில ஒரு கதிரையில பையை மடியில வைச்சுக்கொண்டு இருந்தனான். ஆரோ ஒரு மனுசி தண்ணி வாங்கித் தந்தா.

பைக்குள்ள வெளிச்சத்துக்கு மினுங்கிற சட்டையள் இருந்தது, சின்னன் சின்னனாய். பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு எண்டு விளங்கினது. திறப்பு நாளில குடுத்தனான். பாதை முழுக்க மஞ்சளாய் ஓடிச்சுதுகள். வளைவில நான் அணைக்குப் பக்கத்தில நிண்டனான். மறுபக்கம் ஒரு டிப்பர் போச்சுது. ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்க்கேல்லை. அதுதான் எனக்கு வேணும் எண்டிருந்தது.

யசிந்தா அக்கா வந்து, "அவர் வரேல்லையோ" எண்டு கேட்டா. வந்தவர் எண்டு சொன்னன்.

உங்களில எனக்குக் கோவம் இல்லை. நீங்கள் எழுதினதைக் கனதரம் வாசிச்சன். உங்கட பிள்ளைக்கு ஒன்பது வயசு, வாசலில நிண்டு கை காட்டுறாள். என்ர பிள்ளைக்குப் பதினாலு. அவளின்ர தலையை என்ர மடியில வைச்சு ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோனனான். ரெண்டும் ஒரு பிள்ளை இல்லை. அதைப் பற்றிக் கதைக்க எனக்கு நீங்கள் தேவைப்பட்டது. உங்களுக்கு அதைக் கேளாமல் இருக்கத் தேவைப்படுகுது. நான் எழுதினால் உங்கட பிள்ளையும் செத்துப்போவாள். அதை நான் செய்யமாட்டன். நீங்களும் இனி எழுத வேண்டாம்.

நானாட்டானுக்கு மாற்றம் கேட்டிருக்கிறன். அங்க வயலோரம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பாதை போடப்போகினம்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கோ. குளிருக்குள்ள வெறுந்தலையோட வேலைக்குப் போகாதேங்கோ. உங்கட உடுப்பெல்லாம் தோய்ச்சு, மடிச்சு, அந்தப் பையிலேயே வைச்சுப் பார்சல் அனுப்பியிருக்கிறன். ஒண்டையும் நான் வைச்சிருக்கேல்லை.

பிரேமினி