எதிரணி பெஞ்சுக்கு அடியில் இருக்கும் பலகை

மார்ச் 2, திங்கள்

காலையில் மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். நான் மாப்பைக் கையில் பிடித்தபடியே போய் நின்றேன். உட்காரச் சொன்னார். இருபத்தாறு வருஷத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்தது இதோடு இரண்டாவது தடவை. முதல் தடவை நாற்காலியைப் பழுது பார்த்துவிட்டு, ஆடுகிறதா என்று சோதிக்க உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். எங்கள் கூடைப்பந்து கிளப்புக்கு ஐம்பது வயது ஆகிறது. சீசன் முடிந்ததும் பழைய மரத்தரையைக் கழற்றிவிட்டுப் புதுத் தரை போடப்போகிறார்கள். இருநூற்றுப் பதினாறு பலகை. ஹாலில் கண்காட்சி, கச்சேரி என்று எது வந்தாலும் நான்தான் கழற்றி அடுக்குவேன், மேட்சுக்கு முன்னால் நான்தான் மறுபடி கோத்து விரிப்பேன், ஆட்டக்காரர்கள் வியர்வை சிந்தினால் ஓடிப்போய்த் துடைப்பேன். அதற்கு என்ன சார் குறை, என் முட்டியைவிட அது தெம்பாக இருக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"இறுதி ஆட்டத்துல அந்தக் கை பந்தை அள்ளுச்சே, அந்த எடத்துப் பலகையை மட்டும் தனியா எடுத்து வைங்க. வாசல்ல வெக்கப்போறோம். அது எதுன்னு உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?"

சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அதுதான் வினையே.

மார்ச் 3, செவ்வாய்

குழம்பில் உப்பு இல்லை என்றேன். உப்பெல்லாம் இருக்கு, உங்களுக்குத்தான் நாக்கு செத்துப்போச்சு, என்ன விஷயம் என்றாள் மனைவி. ஒன்றுமில்லை என்றேன். அவள் நம்பவில்லை என்பது அடுத்த கரண்டி விழுந்த சத்தத்திலேயே தெரிந்தது.

மார்ச் 5, வியாழன்

ஐம்பதாம் ஆண்டுப் புத்தகத்தை எழுத கிளப் வேலைக்கு வைத்திருப்பது என் மகளைத்தான். எட்டாம் வகுப்பை ஆசை தீர இரண்டு தடவை படித்தவனுக்குப் புத்தகம் எழுதுகிற பிள்ளை. அவள் அம்மா பக்கத்து மூளை.

இன்று ஒரு பழைய போட்டோவைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தாள். பஸ் டிப்போ சுவர். அதில் ஒரு டயர் வளையம் — உண்மையாகவே லாரி டயரின் இரும்பு வளையம் — ஆணி அடித்துத் தொங்குகிறது. கீழே காக்கிச் சட்டையில் ஒன்பது பேர், ஒருத்தர் காலில்கூட ஷூ இல்லை. கண்டக்டர், மெக்கானிக், டிக்கெட் செக்கர். அதுதான் எங்கள் கிளப். எங்கள் பச்சை நிறம் எங்கிருந்து வந்தது தெரியுமா அப்பா என்று கேட்டாள். பஸ் கதவுக்கு அடித்தது போக மிஞ்சிய பெயின்ட்டாம். அதில் பனியனை முக்கி எடுத்துக் காயவைத்தார்களாம். போட்டுக்கொண்டால் மொறுமொறுவென்று நிற்குமாம்.

பச்சையைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு நிமிரும். அது ஒரு டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்சம் என்று தெரிந்ததும் நிமிர்ந்தது இன்னும் கொஞ்சம் கூடிவிட்டது. ஒன்பது பேர், ஒரு டயர் வளையம். இன்று ஆறாயிரம் பேர் எழுந்து நிற்கிறார்கள். எப்படி இது ஆச்சு?

"நடுவுல ஒரு தடவை மூடியே இருப்பாங்கப்பா. அந்தக் கைதான் காப்பாத்துச்சு" என்றாள்.

நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். நோட்டு யாரிடம் போய்ச் சொல்லப்போகிறது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இறுதி ஆட்டம். தோற்றால் கிளப்பை இழுத்து மூடுவது என்று பேச்சு. ஒரு பாயின்ட் பின்னால் இருக்கிறோம், ஏழு விநாடி பாக்கி. எதிரணிப் பையன் பந்தைத் தட்டிக்கொண்டு இடது ஓரமாக வருகிறான், அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது. அப்போது பந்து அவன் கைக்கு எழும்பவே இல்லை. எங்கள் கேப்டனின் கை கீழே வந்தது, விரித்த கை, பந்தை அள்ளியது, ஓடினார், போட்டார். ஜெயித்தோம். அதுவரை எங்கள் சின்னம் பஸ் சக்கரம். அதற்கப்புறம் விரித்த கை. கொடியில் கை, பனியனில் கை. ஆறாயிரம் பேரும் கையைத்தான் தூக்குகிறார்கள்.

சரி. இப்போது என் கை.

ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி, ஒரு பலகை ஊறிப்போனது. பார்க்க நன்றாக இருக்கும், பந்தைத் தட்டினால் தொப்பென்று செத்துவிழும். தூக்கிப்போட முடியாது, அதே அளவில் வேறு கிடைக்கவில்லை. அதனால் எதிரணி பெஞ்சுக்கு அடியில் போடுவது எங்கள் வழக்கம். அங்கே யாரும் பந்து தட்டுவதில்லை. நம் பெஞ்சுக்கு அடியில் போட மனசு வராது, அவ்வளவுதான்.

அன்று காலை வரை ஹாலில் மேஜை நாற்காலி கண்காட்சி. என் கூட்டாளி பெருமூச்சு — ஒவ்வொரு பலகைக்கும் ஒரு பெருமூச்சு விடுவான், அதனால் அந்தப் பேர் — காய்ச்சலில் படுத்துவிட்டான். நான் கண்காட்சிச் சுமையாட்களை வைத்துக்கொண்டு அவசரம் அவசரமாக விரித்தேன். பலகையின் அடியில் எண் இருக்கும், பார்த்துத்தான் போடவேண்டும். இறுதி ஆட்டமாச்சே என்ற சந்தோஷத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே போட்டேன், எண்ணைப் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் கழற்றும்போது இடது ஓரத்தில், அந்தப் பந்து செத்த இடத்தில், பெஞ்சடிப் பலகை உட்கார்ந்திருக்கிறது.

சத்தம் போடாமல் எடுத்துப் பழைய இடத்துக்கே மாற்றிவிட்டேன்.

இப்போ அந்த எடத்துல இருக்கிற பலகை சும்மா ஒரு பலகை. அதை எடுத்துக் குடுத்துட்டா முடிஞ்சுது. கண்ணாடி போட்டு வெப்பாங்க, எல்லாரும் தொட்டுக் கும்பிடுவாங்க. யாருக்குத் தெரியப்போவுது? உண்மையைச் சொன்னா — கொடியில இருக்கிற கையை நான் அழிச்ச மாதிரி ஆயிடும். எம்மாம் பெரிய கேப்டன். நான் யாரு, மாப்புக் கட்டை.

மார்ச் 14, சனி

அந்தப் பையன் இப்போது பையன் இல்லை. எதிரணிக்குக் கோச்சாகி, தலை நரைத்து வந்திருக்கிறான். அவன் உள்ளே நுழைந்தாலே எங்கள் கூட்டம் கையை விரித்துக் காட்டி "ஓட்டைக்கை, ஓட்டைக்கை" என்று ஆரம்பித்துவிடும். இருபத்திரண்டு வருஷமாக இது ஒரு விளையாட்டு. நானும் சில தடவை சிரித்திருக்கிறேன்.

இன்று அவன் பெஞ்சுக்கு முன்னால் துடைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் எழும்பியது. தன் வலது உள்ளங்கையைத் திருப்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டான், ஏதோ எழுதிவைத்ததைப் படிக்கிற மாதிரி. அவன் கால் இரண்டும் அந்தப் பலகை மேல்தான் இருந்தன.

கேப்டனும் வந்திருந்தார். சத்தம் தொடங்கியதும் வழக்கம்போல டீ குடிக்க எழுந்து போய்விட்டார். போகிற வழியில் எனக்குக் கை கொடுத்துவிட்டுக் கண்ணடித்தார். வருஷா வருஷம் இப்படித்தான். கண்ணில் ஏதோ நரம்புக் கோளாறு போல, பாவம்.

மார்ச் 15, ஞாயிறு

மகளிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள்.

"இருபத்திரண்டு வருஷமா ஒரு மனுஷனை ஓட்டைக்கைன்னு கூப்பிடுறாங்க. நீங்க பக்கத்துல நின்னு தரை துடைச்சிருக்கீங்க."

ஆமாம் என்றேன்.

மார்ச் 17, செவ்வாய்

மகள் பேசவில்லை. டம்ளரை மட்டும் என் பக்கம் தள்ளினாள்.

மார்ச் 19, வியாழன்



மகள்தான் சொன்னாள், எழுதுவதற்கு முன்னால் கேப்டனிடம் நீங்களே சொல்லவேண்டும் என்று. அவருக்கு இப்போது ஷூக்கடை. நாங்கள் போனபோது அந்த ஆறரை அடி மனிதர் தரையில் மண்டி போட்டு, ஒரு குட்டிப் பெண்ணின் காலுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் போகிற வரை காத்திருந்தோம். பிறகு நான் நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஊறின பலகை, காய்ச்சல், பாட்டு, எண். மன்னிச்சிருங்க கேப்டன், உங்க கையை நான் கெடுத்துட்டேன் என்று முடித்தேன்.

அவர் காலி ஷூப் பெட்டியை மூடிவைத்தார்.

"அப்போ நீங்க எனக்காக வெக்கலையா?"

எனக்கு விளங்கவில்லை. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். மேட்ச் அன்று யாரும் வருவதற்கு முன்னால் ஹாலுக்கு வந்து, ஒரு பந்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்ப்பது அவர் வழக்கமாம். நான் பார்த்திருக்கிறேன், உடம்பைச் சூடேற்றுகிறார் என்று நினைத்தேன். தரையைக் காதால் படித்திருக்கிறார் மனுஷன். அன்று இடது ஓரத்தில் தொப்பென்றது. நிமிர்ந்து பார்த்தாராம், தூரத்தில் நான் பாட்டுப் பாடிக்கொண்டு நின்றேனாம். வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார்.

கோச்சிடம்கூடச் சொல்லவில்லை. ஆட்டம் பூராவும் அந்த ஓரத்துக்குப் பந்தோடு யார் வந்தாலும் குறுக்கே நின்று உள்பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார். நம் பசங்களே இரண்டு தடவை அதன் மேல் ஓடினார்களாம், நல்லவேளை பந்து படவில்லை, உயிர் போய் உயிர் வந்தது என்றார். நாற்பது நிமிஷம்! ஆறாயிரம் தொண்டை கத்துகிறது, கிளப் சாகக் கிடக்கிறது, மூச்சு வாங்குகிறது, இந்த மனிதர் மனசுக்குள் ஒரு பலகையைப் பொத்திவைத்துக்கொண்டு ஆடியிருக்கிறார். கடைசி ஏழு விநாடியில்தான் அந்த ஓரத்தைத் திறந்துவிட்டார். கை முன்கூட்டியே கீழே போய்விட்டது, பந்து எங்கே எழும்பாது என்று அதற்குத் தெரியும்.

நான் அந்தக் கையை அழித்துவிடுவேன் என்று பயந்தேனே. இத்தனை நாளும் அதில் பாதியைத்தான் பார்த்திருக்கிறேன்.

"ஏன் கேப்டன் சொல்லல?"

"சொன்னா உங்க வேலை போயிடும்ல அண்ணே. வருஷா வருஷம் கண்ணடிச்சேனே, புரியலையா?"

நரம்புக் கோளாறு என்று நினைத்ததைச் சொன்னேன். மகள் நான்கு நாள் கழித்து முதல்முறையாகச் சிரித்தாள். கேப்டனும் சிரித்தார், ஆனால் சீக்கிரம் நின்றுபோனது. அந்தப் பையன் கையில ஓட்டை இல்லைன்னு தெரிஞ்சும் வாயைத் திறக்காம இருந்துட்டேன் என்றார். கத்த ஆரம்பிச்சா டீ குடிக்கப் போயிடுவேன், எனக்கு டீ பிடிக்கவே பிடிக்காது.

எழுதும்மா என்றார் மகளிடம். எல்லாத்தையும்.

ஏப்ரல் 6, திங்கள்

மேனேஜர் அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். சின்னத்துல கை இருக்கு, இவர் பலகைங்கிறாரே என்று ஜன்னலிடம் முறையிட்டார். கேப்டனும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், முட்டி மேஜையில் இடிக்க. அவர் ஒன்றே ஒன்று சொன்னார்: டயர் வளையத்துல ஆரம்பிச்ச கிளப் சார், கெடைச்சதை வெச்சு ஆடறதுதானே நம்ம வேலை.

மேனேஜர் உட்கார்ந்தார். வேலை போகும் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். போகவில்லை. இனிமேல் எண்ணைப் பார்த்துப் போடுங்க என்றார். இருபத்திரண்டு வருஷம் தாமதமாக வந்த திட்டு, ஆனாலும் நியாயமான திட்டு.

மே 11, திங்கள்

கடைசித் தடவையாகக் கழற்றினோம். பெருமூச்சு இருநூற்றுப் பதினைந்து தடவை மூச்சு விட்டான். பெஞ்சடிப் பலகைக்கு மட்டும் விடவில்லை. அண்ணே, இதை நான் தூக்குறேன் என்றான்.

அக்டோபர் 3, சனி

புதுத் தரையில் முதல் ஆட்டம். வந்தது அவன் அணிதான்.

பலகையைச் சுவரில் மாட்டவில்லை. வாசலிலேயே தரையோடு பதித்து, பக்கத்தில் ஒரு பந்தைக் கயிற்றில் கட்டிவிட்டார்கள். மேலே மகள் எழுதிய ஏழு வரி. வருகிறவர்கள் எல்லாம் வரிசையில் நின்று ஒரு தட்டு தட்டுகிறார்கள். தொப். சிரிப்பு. அடுத்த ஆள்.

எதிரணி பஸ் வந்தது. அவன் இறங்கினான். அவர் — அவர் இறங்கினார். வரிசை தானாக ஒதுங்கியது. ஒருத்தரும் கையை விரிக்கவில்லை. ஏழு வரியையும் படித்தார், மறுபடி முதலிலிருந்து படித்தார். பந்தை எடுத்துத் தட்டினார். எழும்பவில்லை. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. பத்துக்கு மேல் நான் எண்ணவில்லை.

பிறகு தரைக்காரர் யார் என்று கேட்டார். ஆறேழு விரல் என்னைக் காட்டின, அதில் ஒன்று பெருமூச்சுடையது. கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு முன்னால் போனேன்.

"உள்ள எத்தனை பலகை?"

"இருநூத்திப் பதினாறு சார்."

"நான் எல்லாத்தையும் தட்டிப் பார்க்கணும்."

பந்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். கேப்டன் ஏற்கெனவே உள்ளே இருந்தார், எழுந்து வந்தார். டீ குடிக்கப் போகவில்லை. வந்தவர் ஒரு வரிசை தட்டினார், கேப்டன் அடுத்த வரிசை. நான் பின்னாலேயே, முட்டி கடகடக்க, எண்ணிக்கொண்டே போனேன்.

இருநூற்றுப் பதினாறும் ஒரே சத்தம். எதிரணி பெஞ்சுக்கு அடியில் இருப்பதும்.